ரோண்டா மலைப்பாதை: மிதிவண்டியும் நிலக்கரியும்

சமதரை எது, ஏற்றம் எது என்று மிதிவண்டி ஓட்டுபவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பேருந்தில் போகிறவர் கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் சாலையில்கூட ஒரு சிறு ஏற்றம் இருந்தால் அவன் முழங்கால் அதைச் சொல்லிவிடும். இயற்பியல் பாடத்தில் வரும் சாய்தளத்தை உடம்பால் உணர விரும்புகிறவர்களுக்கு இதைவிட மலிவான ஆய்வுக்கருவி கிடையாது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் சாய்தளம் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ் நாட்டின் தெற்கே இருக்கிறது. ரோண்டா, கைநோன் என்னும் பள்ளத்தாக்குகளின் வழியே ஒரு வட்டமாகச் செல்லும் மிதிவண்டிப் பாதை அது. பொன்டப்ரீத் என்னும் ஊரில் தொடங்கி, பெரிய ரோண்டாப் பள்ளத்தாக்கின் வழியே மேலேறி, ரிகோஸ் மலையைக் கடந்து ஹிர்வைனில் இறங்கி, அபர்டேர் வழியாக மறுபடி ஒரு மலையேறி, மார்டியில் இறங்கி, சிறிய ரோண்டாவின் ஓரமாகவே திரும்பி வரலாம். மொத்தம் சுமார் 60 கி.மீ. தூரத்தைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் இடையில் நிற்கும் இரண்டு மலைகள், பழகிய ஓட்டுநர்களையும் மூச்சு வாங்க வைப்பவை.

நான் இப்பாதையைச் சமஉயரக் கோடுகள் போட்ட வரைபடத்தில் விரலால் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். எனினும் கணக்குப் போட அது போதும். இங்கே கணக்குப் போடுவதில் ஒரு தனிச் சுவை உண்டு. ஒரு காலத்தில் உலகத்துக் கப்பல்களை ஓட்டிய நிலக்கரி இந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்துதான் போயிற்று. மனிதனின் கால் எவ்வளவு வேலை செய்யும், ஒரு கரித்துண்டு எவ்வளவு வேலை செய்யும் என்று ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். கரி போன பின்பும் அம்மலைச் சரிவுகளில் தங்கிவிட்ட ஆற்றல் ஒன்று இருக்கிறது. அதையும் கடைசியில் பார்ப்போம்.

நீண்டு கிடக்கும் ஊர்கள்

முதலில் நிலத்தின் அமைப்பு. ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக் காடுகள் மண்ணில் புதைந்து உண்டானவை இங்குள்ள நிலக்கரிப் படிவுகள். அவற்றின் மேல் தடித்த மணற்பாறை படிந்தது. பின்னர் நிலம் ஒரு பெரிய தட்டுப்போல் வளைந்தது. ஆறுகளும், பனியூழிக் காலத்தில் பனியாறுகளும் அந்த மணற்பாறை மேட்டை அறுத்து ஆழமான, குறுகிய வாய்க்கால்களைப் போன்ற பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. இவை பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்காகவோ, வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஒரு மேட்டு முதுகு. பள்ளத்தாக்கின் நெடுக்கே போனால் சாலை மெல்ல மெல்ல உயரும். குறுக்கே போக நினைத்தால் சுவர்போல் மலை எதிர்ப்படும். நமது பாதை இரண்டு முறை குறுக்கே போகிறது. அதனால்தான் அது கடினமான பாதை.

1851-ல் மேல் ரோண்டாவில் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆடு மேய்க்கும் பண்ணைகள்தாம். 1855-ல் ட்ரீஹெர்பெர்ட்டிலிருந்து முதன்முதலாக நீராவிக் கரி வெளியே அனுப்பப்பட்டது. 1911-ல் ரோண்டாவின் மக்கள் தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது! இத்தனை பேருக்கும் வீடு கட்டப் பள்ளத்தாக்கின் அடித்தளம் மட்டுமே இருந்தது. அதிலும் ஆறு, இருப்புப்பாதை, சுரங்க முகப்பு ஆகியவற்றுக்குப் போக மிஞ்சிய இடத்தில் வீடுகள் வரிசை வரிசையாக நெருக்கிக்கொண்டு நின்றன. போர்த், டோனிபாண்டி, ட்ரியோர்கி, ட்ரீஹெர்பெர்ட் என்று பெயர்ப்பலகைதான் மாறுமே தவிர, ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது மிதிவண்டியில் போகிறவனுக்குத் தெரியாது.

"நீராவிக் கரி" என்றால் என்ன என்று கேட்கலாம். சூடேறும்போது ஆவியாகி வெளியேறும் பொருள்கள் குறைந்த கரி அது. புகை குறைவு, வெப்பம் அதிகம். போர்க்கப்பல் ஒன்று தொலைவில் வரும்போதே தன் புகையால் எதிரிக்குத் தன்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது அல்லவா? பிரிட்டிஷ் கடற்படை வேல்ஸ் கரியை விரும்பி வாங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1913-ஆம் ஆண்டில் தெற்கு வேல்ஸ் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 5 கோடியே 70 லட்சம் டன் கரியை வெட்டி எடுத்தன. அதுவே உச்சம்.

டோனிபாண்டியில் ஒரு நிமிடம் நிற்போம். இங்கிருந்து பக்கவாட்டில் ஒரு கிளைப் பள்ளத்தாக்கிலுள்ள சுரங்கங்களுக்கு 1863-ல் ஓர் இருப்புப்பாதை போட்டார்கள். 13 அடி போனால் 1 அடி உயரும் சரிவு; அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 8. மிதிவண்டிக்கே இது கடுமையான ஏற்றம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் பற்றிக்கொள்ளும் உராய்வு குறைவு என்பதால், வண்டிகளைக் கம்பி வடத்தால் கட்டி உதவ வேண்டியிருந்தது. அதைவிட வேடிக்கையான தொல்லை கொதிகலனில்! என்ஜின் சாயும்போது கொதிகலனுக்குள் இருக்கும் நீர் சாயாது. தன் மட்டத்திலேயே நிற்கும். எனவே ஒரு முனையில் நீர் விலகி, நெருப்புப் பெட்டியின் கூரை வெறுமையாகிவிடலாம். நீர் மூடாத கூரை சூட்டில் இளகி வெடிக்கும். இதற்காகவே இப்பாதைக்கென்று 1884-ல் கட்டிய மூன்று என்ஜின்களின் கொதிகலனை ஒருபக்கம் சிறுத்த கூம்பு வடிவில் செய்தார்கள். பாதி நீர் நிரப்பிய புட்டியைச் சாய்த்துப் பார்க்கும் மாணவன் இந்தச் சிக்கலைத் தன் கண்ணாலேயே காணலாம்.

ரிகோஸ் ஏற்றம்

ட்ரீஹெர்பெர்ட்டைத் தாண்டியதும் வீடுகள் முடிந்துபோகின்றன. முன்னே மலை. சுமார் 5 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 280 மீ. உயர வேண்டும். உச்சி கடல் மட்டத்திலிருந்து 490 மீ. அளவில் உள்ளது. இச்சாலை 1920-களில் போடப்பட்டது. அப்போது கரிச் சந்தை சரிந்து சுரங்கங்களில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களே கடப்பாரையும் மண்வாரியும் பிடித்து இதை வெட்டினார்கள். பூமிக்கடியில் வேலை போய், அதே பூமியின் மேல் முதுகில் வேலை கிடைத்தது.

இப்போது கணக்கு. 5,000 மீட்டருக்கு 280 மீட்டர் என்றால் சரிவு நூற்றுக்கு 5.6. இதைப் பாகையாகச் சொன்னால் 3.2 பாகைதான். மாணவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுவதுண்டு. "நூற்றுக்குப் பத்து" என்ற பலகையைப் பார்த்துப் பத்துப் பாகை என்று நினைப்பார்கள். அது 5.7 பாகைதான், ஆனால் மிதிப்பவனுக்கு அதுவே மலையாகத் தெரியும்.

ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று கொள்வோம். 280 மீட்டர் உயர்த்தச் செய்ய வேண்டிய வேலை 80 × 9.8 × 280, அதாவது சுமார் 2,20,000 ஜூல். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறினால் அரைமணி நேரம், அதாவது 1,800 நொடி ஆகும். வகுத்தால் 122 வாட். டயர் தரையில் உருளும்போது இழக்கும் திறன் 11 வாட், காற்றைத் தள்ள 5 வாட். மொத்தம் 138 வாட். பழைய நாளையக் குண்டு பல்புகள் இரண்டைச் சற்று மங்கலாக எரிக்கலாம், அவ்வளவே.

இதே மனிதர் சமதரையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் கணக்கு தலைகீழாகிவிடும். காற்றுக்கு மட்டும் 80 வாட், டயருக்கு 27 வாட், புவியீர்ப்புக்கு ஒன்றுமில்லை. சமதரையில் எதிரி காற்று. மலையில் எதிரி தன் எடை. காற்றுக்கான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. எடைக்கான திறன் வேகத்துக்கு நேர்விகிதமாக ஏறுகிறது. ஆகவே ரிகோஸ் ஏற்றத்தில் வேகத்தை இரட்டிப்பாக்கி மணிக்கு 20 கி.மீ. என்று வைத்தால் 300 வாட்டுக்குமேல் தேவைப்படும். அதைப் பதினைந்து நிமிடம் விடாமல் கொடுக்க நீண்ட நாள் பயிற்சி வேண்டும்.

பல்சக்கரங்களின் உதவி எவ்வளவு? நம் வீடுகளில் இருந்த பழைய கறுப்புச் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீ. போகும். ரிகோஸ் சரிவில் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் மொத்த விசை சுமார் 50 நியூட்டன். ஒரு சுற்றில் செய்ய வேண்டிய வேலை 270 ஜூல். பெடலின் முனை ஒரு சுற்றில் கடப்பது 1.07 மீ. ஆகவே பாதம் சராசரியாக 250 நியூட்டன் அழுத்த வேண்டும். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது அழுத்தம் பயன்படாது என்பதால், நடுவில் 400 நியூட்டன் அளவுக்கு மிதிக்க நேரும். சாலை எங்காவது நூற்றுக்குப் பத்து என்று செங்குத்தானால் இது 650 நியூட்டனை எட்டும். 65 கிலோ மனிதன் தன் முழு எடையையும் ஒரு காலில் ஏற்றி நின்றால்தான் அது நடக்கும். மலைப்பாதைக்கென்று செய்த வண்டிகளிலோ, முன்னும் பின்னும் ஒரே அளவுப் பல்சக்கரம் அமையும்படி மாற்றிக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 2.1 மீ. மட்டுமே போகும். பாதத்தின் சராசரி அழுத்தம் 100 நியூட்டனுக்குள் வந்துவிடும். செய்யும் வேலை குறைவதில்லை. அதே வேலையைச் சிறு சிறு கவளங்களாகப் பிரித்து உண்கிறோம். கொண்டை ஊசி வளைவுகளுடன் சாலையை வளைத்துப் போடுவதும் இதே தந்திரம்தான்.

ஒரு நெல்லிக்காயளவு கரி

அரைமணி நேர உழைப்பின் மொத்த வேலை சுமார் 2,50,000 ஜூல் என்று கண்டோம். ஒரு கிலோ நல்ல கரி எரிந்தால் சுமார் 3 கோடி ஜூல் வெப்பம் வரும். அப்படியானால் ரிகோஸ் மலையேற்றத்துக்குச் சமமான ஆற்றல் 8 கிராம் கரியில் இருக்கிறது. ஒரு நெல்லிக்காய் அளவு!

ஆனால் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி குறுக்கே நிற்கிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்த சாதாரண நீராவி என்ஜின், கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு 8 பங்கு அளவே வேலையாக மாற்றியது. எனவே அதற்கு 100 கிராம் கரி வேண்டும். மனிதத் தசையின் கணக்கு அதைவிட நன்று. உண்ட உணவின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பெடலுக்கு வந்து சேரும். மீதி முக்கால் பங்கு வெப்பம். அரைமணி நேரத்தில் அந்த வெப்பம் முழுவதையும் வியர்வை ஆவியாகி வெளியேற்ற வேண்டுமானால் மூன்றில் ஒரு லிட்டர் நீர் செலவாகும். உச்சிக்கு வந்தவுடன் சட்டை நனைந்திருப்பதும், இறங்கத் தொடங்கியதும் பல் கிட்டிப்போவதும் இதனால்தான். பழகியவர்கள் உச்சியில் ஒரு மேற்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இறங்குவார்கள்.

திறமையில் தசை வென்றாலும் அளவில் தோற்றுவிடுகிறது. உடலுழைப்புச் செய்யும் ஒருவர் நாள் முழுதும் 75 வாட் வீதம் 8 மணி நேரம் வேலை செய்தால் 21 லட்சத்து 60 ஆயிரம் ஜூல். பழைய நீராவி என்ஜின் இந்த வேலைக்கு ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவான கரியைக் கேட்கும். ஒரு கிலோ கரி, ஒரு மனிதனின் ஒரு நாள். 1913-ல் தெற்கு வேல்ஸ் தோண்டிய 5 கோடியே 70 லட்சம் டன்னை இப்படி மாற்றிப் பார்த்தால், ஆண்டுக்கு 300 நாள் வீதம் 19 கோடி ஆட்களின் ஓராண்டு உழைப்பு வருகிறது. இது என் உத்தேசக் கணக்கு. எல்லாக் கரியும் என்ஜினுக்குப் போகவில்லை என்பதும் உண்மை. ஆனாலும், குறுகிய இந்தப் பள்ளத்தாக்குகளுக்கு மக்கள் ஏன் அப்படி ஓடி வந்து குவிந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியவில்லை.

உச்சியிலிருந்து

ரிகோஸ் உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் மலை திடீரென்று செங்குத்தாக விழுகிறது. பனியாறு குடைந்த நாற்காலி போன்ற பள்ளத்தில் லின் வவுர் என்னும் ஏரி. அதை நீர்த்தேக்கமாக்கும் வேலை நடந்தபோது, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அடிச்சேற்றிலிருந்து வெண்கலக் கொப்பரைகளும் இரும்பு வாளும் அரிவாளும் கிடைத்தன. பிரிட்டனில் கிடைத்த மிகப் பழைய இரும்புப் பொருள்களுள் அவை சேர்ந்தவை.

அதற்கப்பால் தெரிவது டவர் சுரங்கம். இதன் கதையைச் சொல்லாமல் இறங்க மனம் வரவில்லை. இலாபமில்லை என்று 1994-ல் இதை மூடிவிட்டார்கள். வேலை போன 239 தொழிலாளர்கள் தங்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்திலிருந்து ஆளுக்கு 8,000 பவுன் போட்டுச் சுரங்கத்தையே விலைக்கு வாங்கினார்கள். 1995 ஜனவரியில் அவர்களே முதலாளிகளாகவும் தொழிலாளர்களாகவும் உள்ளே இறங்கினார்கள். எடுக்கக்கூடிய கரி தீர்ந்து 2008 ஜனவரியில் மூடும் வரை, பதின்மூன்று ஆண்டுகள் அது ஓடியது. 2021 முதல் அங்கே வேறொரு தொழில். மலையுச்சியிலிருந்து கம்பியில் தொங்கியபடி சறுக்கி வரும் விளையாட்டு. கரி வெட்டிய இடத்தில் இப்போது நிலை ஆற்றலை விற்கிறார்கள் என்று சொல்லலாம்.

இறக்கத்தில் மிதிக்கத் தேவையில்லை. நூற்றுக்கு 5.6 சரிவில் பிரேக் பிடிக்காமல் விட்டால், காற்றின் எதிர்ப்பும் புவியீர்ப்பின் இழுவையும் சமமாகும்வரை வேகம் கூடிக்கொண்டே போய், மணிக்கு 46 கி.மீ. அளவில் நிலைபெறும். நூற்றுக்குப் பத்துச் சரிவில் 63 கி.மீ. இம்மலைகளில் ஆடுகள் வேலியில்லாமல் மேய்கின்றன; சாலை நடுவே படுத்திருப்பதும் உண்டு. 46 கி.மீ. வேகத்தில் வருபவர் ஆட்டைக் கண்டு, சுதாரித்து, பிரேக் பிடித்து நிற்க உலர்ந்த சாலையிலேயே 35 மீ. வேண்டும். மழை பெய்திருந்தால் இன்னும் நீளும். அங்கே மழை பெய்யாத வாரம் அரிது.

அபர்டேருக்குப் பக்கத்தில் அபராமன் என்ற சிற்றூர். மிதிவண்டிப் பந்தய வரலாற்றில் இதற்கு ஓர் இடமுண்டு. இங்கு வளர்ந்த ஆர்தர் லிண்டன் 1896-ல் போர்தோ–பாரிஸ் நெடும்பந்தயத்தின் வெற்றியைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டில் நச்சுக்காய்ச்சலால் இறந்துபோனார். இதே ஊரின் ஜிம்மி மைக்கேல் 1895-ல் உலக வாகையர். இவர் மிகக் குட்டையானவர். முன்னால் வேறு வண்டிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவற்றின் நிழலில் ஒட்டிக்கொண்டு ஓட்டும் பந்தயம் அவருடையது. சிறிய உடல் அந்த நிழலுக்குள் முழுவதும் அடங்கிவிடும். காற்றே பெரிய எதிரி என்று மேலே கண்ட கணக்கை அவர் ஏட்டில் போட்டிருக்க மாட்டார். ஆனால் அதன் பலனை அனுபவித்தார்.

மலைக்கு மேலும் மலைக்குக் கீழும்

அபர்டேரிலிருந்து மார்டிக்கு ஏறுவது இரண்டாம் சோதனை. நீளம் ரிகோஸைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் முன்பே 30 கி.மீ. ஓட்டிய கால்களுக்கு அந்தச் சலுகை தெரியாது.

இம்மலையின் அடியில் நடந்ததுதான் விந்தை. 1986-ல் மார்டிச் சுரங்கத்தையும் டவர் சுரங்கத்தையும் பூமிக்கடியில் இணைத்துவிட்டார்கள். மார்டியில் வெட்டிய கரி, மலைக்கு அடியிலேயே பயணம் செய்து டவரில் மேலே வந்தது. மிதிவண்டிக்காரன் ஏறி இறங்கிக் கடக்கும் மலையைக் கரி ஏறாமலே கடந்தது. மார்டி 1990 டிசம்பரில் மூடப்பட்டது. ரோண்டாவின் கடைசிச் சுரங்கம் அதுதான்.

மலைக்கு அடியில் மிதிவண்டியும் போகலாமே என்ற கனவு அங்கே உண்டு. ட்ரீஹெர்பெர்ட்டுக்கு அருகே பிளைன்கும் என்ற இடத்திலிருந்து மேற்கிலுள்ள பள்ளத்தாக்குக்கு ஓர் இருப்புப்பாதைக் குகை 1890-ல் திறக்கப்பட்டது. நீளம் 3,148 மீ. 1968-ல் அது மூடப்பட்டது. அதை மிதிவண்டிப் பாதையாகத் திறக்க வேண்டும் என்று 2014-லிருந்து ஒரு சங்கம் அமைத்துப் பாடுபட்டு வருகிறார்கள். என் ஓட்டு அவர்களுக்கே. ஏற்றம் பிடித்தவர்கள் மேலே போகட்டும். பள்ளிக்கூடத்துக்கோ வேலைக்கோ போகிறவர் எதற்காக 2,20,000 ஜூலைச் செலவிட்டுவிட்டு, மறுபக்கத்தில் அதைப் பிரேக்கில் வெப்பமாக விட வேண்டும்?

சரிவில் தங்கிய ஆற்றல்

மார்டியிலிருந்து ஃபெர்ன்டேல், டைலர்ஸ்டவுன் வழியாகச் சிறிய ரோண்டாவின் ஓரமாக இறங்கும் இந்தப் பகுதிதான் பாதையிலேயே இனிமையானது. பழைய இருப்புப்பாதையின் தடத்தில் மிதிவண்டித் தடம் போட்டிருக்கிறார்கள். நீராவி என்ஜினுக்காக மெல்லிய சரிவில் வெட்டியது கால்களுக்கும் இதமாக இருக்கிறது. இருபுறமும் பச்சைப் பசேலென்ற மலை. அந்தப் பச்சையில் சில மேடுகள் மட்டும் இயற்கையானவை அல்ல.

கரி வெட்டும்போது அதோடு கல்லும் மண்ணும் வரும். அதை எங்கே கொட்டுவது? பள்ளத்தாக்கின் அடியில் வீடும் ஆறும் இருப்புப்பாதையும் அடைத்துக்கொண்டிருந்தன. ஆகவே கம்பி வடங்களில் தொட்டிகளைத் தொங்கவிட்டு மேலே இழுத்துச் சென்று மலைச் சரிவிலும் உச்சியிலும் கொட்டினார்கள். ஆண்டாண்டாகக் கரியை எரித்து, அந்த ஆற்றலில் கழிவை மேலே ஏற்றி வைத்தார்கள். அந்த ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. நிலை ஆற்றலாக அங்கேயே அமர்ந்திருக்கிறது.

ஆயிரம் டன் கழிவு 100 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதன் நிலை ஆற்றல் சுமார் 98 கோடி ஜூல். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 33 கிலோ கரியின் வெப்பந்தான் அது. ஒரு சாக்குக்குள் அடங்கிவிடும். சாக்குக் கரி அடுப்பில் மணிக்கணக்கில் எரியும். மேட்டின் ஆற்றலோ நொடிகளில் இறங்கி வரும். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

உலர்ந்த கல்மண்ணைக் கொட்டினால் அது ஏறத்தாழ 35 பாகைச் சரிவில் நிற்கும். துகள்களுக்கிடையே உள்ள உராய்வு அவ்வளவைத் தாங்கும். 25 பாகைச் சரிவில் கொட்டினால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் உராய்வு, துகள் துகளை அழுத்தும் விசையைப் பொறுத்தது. அடியில் நீர் ஊறி, துகள்களின் இடைவெளிகளில் அழுத்தத்தோடு நிரம்பினால், மேலுள்ள எடையில் ஒரு பகுதியை நீரே தாங்கிக்கொள்கிறது. நீருக்கு உராய்வு கிடையாது. கணக்குப் போட்டால், எடையில் மூன்றில் ஒரு பங்கை நீர் ஏற்றாலே போதும். 35 பாகைக்கு நிற்கும் மண் 25 பாகையில் வழுக்கத் தொடங்கிவிடும். வழுக்கத் தொடங்கியதும் துகள்கள் நெருங்கி, நீரின் அழுத்தம் மேலும் கூடி, மேடு முழுவதும் குழம்பாகி ஓடும்.

கைநோனுக்குக் கிழக்கே அடுத்த பள்ளத்தாக்கு டாஃப். அங்குள்ள அபர்வன் என்ற சிற்றூரில் 1966 அக்டோபர் 21-ஆம் நாள் காலை ஒன்பதே கால் மணி அளவில் இதுதான் நடந்தது. மலைமேல் இருந்த ஏழாம் எண் கழிவுமேடு குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தையும் வீடுகளையும் மூடியது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள் இறந்தார்கள். அந்த மேட்டை 1958-லிருந்து ஊற்றுகளின் மேலேயே கொட்டி வந்திருந்தார்கள். ஊற்று, நில வரைபடங்களிலேயே குறித்திருந்த ஒன்று. நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் அமைந்த விசாரணை மன்றம் 1967-ல் தன் அறிக்கையில் தேசிய நிலக்கரி வாரியத்தைப் பொறுப்பாக்கியது. கழிவுமேடுகளைப் பற்றிய சட்டம் 1969-ல் வந்தது. அச்சட்டம் பெரிதும் ஓடிக்கொண்டிருந்த சுரங்கங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சுரங்கங்கள் மூடப்பட்டன, மேடுகள் இருந்த இடத்திலேயே நின்றன.

2020 பிப்ரவரியில் "டென்னிஸ்" என்று பெயரிட்ட புயல் மழையைக் கொட்டியபோது, நம் பாதையின் ஓரத்தில், டைலர்ஸ்டவுனில், சுமார் 60,000 டன் கழிவு சரிந்து ஆற்றில் விழுந்தது. ஆறு அடைபட்டது, பாதை புதைந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதன்பின் எண்ணிப் பார்த்ததில் வேல்ஸ் முழுவதும் 2,500-க்கு மேற்பட்ட பழைய கழிவுமேடுகள் இருப்பது தெரிந்தது. அவற்றில் முந்நூறுக்கும் மேல் அடிக்கடி பார்வையிட்டுக் கவனிக்க வேண்டிய வகை. 2024 நவம்பரில் மற்றொரு புயலின்போது கும்டிலரி என்ற ஊரில் ஒரு மேடு சரிந்து சேறு வீடுகளுக்குள் புகுந்தது. மக்களை இரவில் வெளியேற்ற நேர்ந்தது. கைவிடப்பட்ட மேடுகளைக் கண்காணிக்கத் தனி அமைப்பை ஏற்படுத்தும் சட்டம் 2025-ல்தான் நிறைவேறியது. அபர்வனுக்கும் அதற்கும் இடையே 59 ஆண்டுகள். காற்றின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் அது தாங்கும் நீராவி நூற்றுக்கு 7 பங்கு கூடுகிறது. அதனால் பெருமழைகள் கனத்துப் பெய்யும். இந்த மேடுகளைக் கொட்டியவர்கள் கணக்கில் கொண்ட மழையும் இனி வரப்போகும் மழையும் ஒன்றாக இருக்கப்போவதில்லை.

கண்காணிப்பது எப்படி? கருவி எளிமையானது. துளையிட்ட குழாய் ஒன்றை மேட்டுக்குள் இறக்கி வைத்தால், அடியிலுள்ள நீர் தன் அழுத்தத்துக்கு ஏற்ற உயரம் குழாயில் ஏறி நிற்கும். ஒரு மீட்டர் உயர்ந்தால், சதுர மீட்டருக்கு 9,800 நியூட்டன் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். இப்போது மின்னணு உணரிகளே அளந்து செய்தி அனுப்புகின்றன. நீர் ஏறினால் வடிகால் வெட்டி வெளியேற்ற வேண்டும். அதுவும் போதாதென்றால் மேட்டையே அள்ளிச் சரிவு குறைந்த இடத்துக்கு மாற்ற வேண்டும். செலவு பெரிது. டைலர்ஸ்டவுனில் அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது.

போர்த்தில் இரண்டு ரோண்டாக்களும் கூடுகின்றன. கரித்தூளால் ஒரு காலத்தில் மை போல ஓடிய ஆறு இப்போது அடியிலுள்ள கல் தெரிய ஓடுகிறது. அங்கிருந்து ட்ரிஹாஃபாட், 1983-ல் மூடிய லூயிஸ் மெர்தர் சுரங்கத்தைக் காட்சியகமாக்கியிருக்கிறார்கள். பின் மறுபடி பொன்டப்ரீத்.

அங்கே டாஃப் ஆற்றின்மேல் ஒற்றை வளைவுக் கல்பாலம் ஒன்று உண்டு. 1756-ல் வில்லியம் எட்வர்ட்ஸ் கட்டியது. வளைவின் அகலம் 140 அடி. இதற்கு முன் அவர் கட்டியவை நிற்கவில்லை. ஒன்றை வெள்ளம் கொண்டுபோயிற்று. பின்னால் கட்டியதில் இருபக்கத் தோள்களின் எடை அழுத்தி நடுவளைவு மேலே பிதுங்கி உடைந்தது. கடைசியில் தோள்களில் வட்டமான துளைகள் விட்டு எடையைக் குறைத்தார். அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது. ஆனால் அதன் முதுகு மிகவும் செங்குத்து. குதிரை வண்டிகள் இறங்கும்போது உருண்டோடாமலிருக்கச் சங்கிலியால் பிடித்து இறக்குவார்களாம். மிதிவண்டிக்காரர்கள் பக்கத்திலுள்ள பாலத்தில் போய்விடலாம்.